வந்ததும் கொண்டதும்

கேள்வி: பத்துப் பேர் நடுவில் நண்பன் என்னைக் கேலி செய்தான். பிறகு தனியாகக் கேட்டால், ‘கோபப்படுவது உன்னுடைய தேர்வு, உன் உணர்ச்சிக்கு நீதான் பொறுப்பு’ என்கிறான். அது சரியா?

பதில்: ‘கோபப்படுவது’ என்றா சொன்னார்? அந்தப் ‘படு’வை விட எனக்கு மனமில்லை. அடிபட்டேன், புண்பட்டேன், அவமானப்பட்டேன். எல்லாம் நமக்கு நேர்ந்தவை. அதற்கும் முந்திய படி, ‘எனக்குக் கோபம் வந்தது’. அந்த வாக்கியத்துக்குக் கோபம்தான் எழுவாய். நான் வெறும் ‘எனக்கு’. மூன்றாவது படி, ‘கோபித்துக்கொண்டேன்’. அந்தக் ‘கொள்’ளில்தான் நான் உள்ளே நுழைகிறேன். வந்தது, பட்டேன், கொண்டேன். தேர்வு என்று ஒன்று இருந்தால் அது மூன்றாவதில் இருக்கிறது. உங்கள் நண்பர் மூன்றையும் சேர்த்து உங்கள் தலையில் கட்டுகிறார்.

சுயமுன்னேற்ற வகுப்பு நடத்தும் ஒருவரோடு எனக்கு இதில் பழைய வழக்கு உண்டு. நம்மைக் கலக்குவது நிகழ்ச்சிகள் அல்ல, அவற்றைப் பற்றிய நம் எண்ணங்களே என்ற பழைய ஸ்டோயிக் தத்துவ ஞானி எபிக்டீடஸின் கருத்தை எடுத்து வீசுவார். அடிமையாக இருந்தவர் எபிக்டீடஸ்; அவர் சொன்னதை நான் மதிக்கிறேன். ஆனால் 2ஆம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் கெல்லியஸ் எழுதிவைத்ததையும் படிக்க வேண்டும். கடலில் புயல். எதற்கும் கலங்கக்கூடாது என்பது ஸ்டோயிக்குகளின் கொள்கை; ஆனால் கப்பலில் இருந்த ஸ்டோயிக் தத்துவ ஞானிக்கும் முகம் வெளுத்துவிட்டது. ஏன் என்று பிறகு கேட்டபோது, அவர் பையிலிருந்து எடுத்துக் காட்டியதே எபிக்டீடஸின் நூலைத்தான். திடீரென்று அதிர்ச்சி வந்தால் ஞானியும் கணநேரம் வெளுப்பான். அந்தப் பயத்துக்கு உள்ளம் தலையாட்டுகிறதா என்பதே கேள்வி என்கிறது அது. வகுப்புக்காரர் இந்தப் பகுதியை மட்டும் சொல்வதே இல்லை.

சில வருடங்களுக்கு முன், அச்சுக்குப் போகிற அவசரத்தில், புதிதாகச் சேர்ந்த உதவி ஆசிரியரின் பக்கத்தை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டி ‘இதையா திருத்தினீர்கள்?’ என்றேன். அவர் பேசவில்லை. பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. தீர்மானம் போட்டுக் காதைச் சிவக்க வைக்க யாரால் முடியும்? அந்தச் சிவப்பு என் கைவேலை. மறுநாள் அதே மேசையில் உட்கார்ந்து அடுத்த பக்கத்தைத் திருத்தினாரே, அது அவருடைய தேர்வு.

என் கோபமும் ‘வந்தது’தான் என்று தப்பித்துக்கொள்ளலாமா? அன்று காலை பதிப்பாளர்மேல் வந்த கோபம் தொண்டையோடு நின்றுவிட்டதே! ‘செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்’ என்று வள்ளுவர் பிடிப்பது இந்த இடத்தைத்தான். பலிக்காத இடத்தில் அடக்கியதற்கு எனக்குப் பாராட்டு இல்லை. பலிக்கிற இடத்தில் அவிழ்த்துவிட்டதற்குப் பொறுப்பு உண்டு.

அப்புறம் அந்த ‘உங்கள் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்’. இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதியும் எனக்கு ஆறவில்லை. அந்த ‘ஆல்’ விகுதியை வெட்டுங்கள். ‘புண்படுத்தினேன், வருந்துகிறேன்’ என்று எழுதுங்கள். ‘என்னைப் போட்டுப் படுத்தாதே’ என்று குழந்தைகூடச் சொல்கிற மொழி இது. படுகிறவர் ஒருவர், படுத்துகிறவர் இன்னொருவர் என்பதில் அந்தக் குழந்தைக்குச் சந்தேகமே இல்லை.

உங்கள் பங்கும் உண்டு. கோபத்தை மாதக்கணக்கில் வைத்துக்கொள்வதும், பழிக்குப் பழியாக அவரைப் பத்துப் பேர் நடுவில் நிறுத்துவதும் ‘கொள்’ளுக்கு அப்புறம் நடப்பவை. அதற்கெல்லாம் நீங்கள்தான் பொறுப்பு. அதை உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். குத்தியவர் வாயால் கேட்க வேண்டாம். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். கோபம் வரும், அழுகை வரும், சிரிப்புகூட வரும். ‘எனக்குக் கேலி வந்தது’ என்று யாராவது சொல்லி அவர் கேட்டிருக்கிறாரா? உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது, ‘கேலி செய்தான்’ என்று.