பயணத்துறைக் கழகத்திடம் கணக்குக் கேட்பது யார்?

கேள்வி: சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகம் பொதுப்பணத்தைச் செலவழிக்கிறதே, தட்டிக்கேட்க ஆள் உண்டா?
- ஒரு வாசகி, தேக்கா

பதில்: உண்டு அம்மா. 1964இல் பிறந்த அந்தக் கழகம் வர்த்தக, தொழில் அமைச்சின்கீழ் இயங்குகிறது. நிர்வாகக் குழுவை அமைச்சர் நியமிக்கிறார். ஆண்டறிக்கையும் தணிக்கை செய்த கணக்கும் நாடாளுமன்றத்துக்குப் போயாக வேண்டும்.

ஆனால் எல்லாமே வெளியே வராது. 2024 மார்ச்சில் அமெரிக்கப் பாடகி டெய்லர் சுவிஃப்ட் இங்கே ஆறு இரவு பாடினார். அதற்குக் கழகம் தந்த மானியம் எவ்வளவு என்று நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். வணிக ரகசியம் என்று சொல்லி, அப்போதைய கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சர் எட்வின் டோங் தொகையைச் சொல்லவில்லை. பேரம் நடக்கும்போது ரகசியம் வேண்டும், சரி. சில ஆண்டு கழித்தாவது வெளியிட வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் தொகுதி உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போய் நீங்களும் கேளுங்கள்.