மாத்திரையோடு மூலிகைப் பொடி?

கேள்வி: வயது 29. மாதவிலக்கு 50, 60 நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. தாடையில் முடி முளைக்கிறது. தைராய்டுக்கு ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறேன். தோழி தந்த ‘ஹார்மோன் பேலன்ஸ்’ பொடியையும் காலையில் மாத்திரையோடு சேர்த்தே குடிக்கிறேன். மூன்று வாரமாகப் படபடப்பு. தொடரலாமா? டப்பா படம் இணைத்துள்ளேன்.

பதில்: பொடியை இன்றைக்கே நிறுத்துங்கள். டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாமல் டாக்டரிடம் எடுத்துப் போங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அமுக்கரா, அதிமதுரம், வெந்தயம் என்று போட்டிருக்கிறார்கள். எது எத்தனை கிராம் என்று ஒரு வரிகூட இல்லை.

அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, சிலருக்குத் தைராய்டு ஹார்மோனை ஏற்றிவிடும். உங்கள் மாத்திரையும் அதே வேலையைத்தான் செய்கிறது. படபடப்பு அதனால்தானா என்பது டி.எஸ்.எச்., டி4 என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்தால் தெரியும். அதிமதுரம் தினசரி உள்ளே போனால் உடம்பில் உப்பு தங்கும், பி.பி. ஏறும், பொட்டாசியம் இறங்கும். அதிலும் இதயத்துடிப்பு தடுமாறலாம். ஆகவே பி.பி.யும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்லுங்கள். வெந்தயம் சாதுதான், ஆனால் அதன் நார்ச்சத்து மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கலாம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட்டு, அரை மணியாவது கழித்துத்தான் சாப்பாடு.

சரி, மாதவிலக்குக்கு வருவோம். நீங்கள் சொல்வது பி.சி.ஓ.எஸ்., அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை மாதிரி இருக்கிறது. ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பை மாற்றம் என்ற மூன்றில் இரண்டு இருந்தால் போதும் என்பது 2003 முதல் உள்ள கணக்கு. ஆனால் தைராய்டுக் கோளாறும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் கூடுவதும் இதே வேஷம் போடும் என்பதால் அவற்றை விலக்கிவிட்டுத்தான் பெயர் வைக்க வேண்டும். அதற்கும் முன்னால், 60 நாள் தள்ளிப்போயிருந்தால் ஒரு கர்ப்பப் பரிசோதனை.

மூலிகையே கூடாதா என்று அடுத்து எழுதுவீர்கள். முடிப் பிரச்சினைக்குப் புதினா டீயைச் சோதித்திருக்கிறார்கள்: 2010-இல் வெளியான ஆய்வில் 41 பெண்கள், தினம் இரண்டு வேளை, 30 நாள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது, மருத்துவர்கள் மதிப்பிட்ட முடி வளர்ச்சி குறையவில்லை. முடி மாசக்கணக்கில் வளர்கிற சமாச்சாரம், 30 நாளில் என்ன தெரியும்? நானும் புதினா டீ குடிப்பவள்தான், ருசிக்காக.

படபடப்போடு மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் மட்டும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள், அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.