நீச்சல் தெரியாதவர் தீவுக் குடாவில் கயாக் பயணம் போகலாமா?

போகலாம். நானும் நீச்சல் தெரியாமல்தான் முதல் தடவை கயாக்கில், அந்த ஒல்லியான துடுப்புப் படகில், ஏறினேன். ஆனால் "சுற்றிலும் தீவுகள், அலையே இல்லை, அதனால் பயமில்லைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள், அங்கேதான் இடிக்கிறது. தீவுகள் பெரிய அலையைத் தடுக்கும். காற்றை முழுக்கத் தடுக்காது.

கரையிலிருந்து கடல் பக்கம் காற்றடித்தால் கரையோரத் தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கும். அலை எழும்ப காற்று கொஞ்ச தூரம் ஓட வேண்டும், கரையருகே அந்தத் தூரம் கிடையாது. லேசாகத் துடுப்புப் போட்டாலே படகு வழுக்கிக்கொண்டு போகும். நமக்குக் கை வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். தள்ளுவது காற்று! திரும்பும்போதுதான் தெரியும்.

எனக்குத் தீவின் முனையைத் தாண்டியதும் தெரிந்தது. காற்று பக்கவாட்டில் அறைய, படகின் மூக்கு தானாகக் காற்றை நோக்கித் திரும்பியது. துடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கூட வந்த வழிகாட்டி பக்கத்தில் வந்து, "விரலைத் திறந்து காட்டுங்க" என்றார். மேல் கை தள்ளும்போது விரல்கள் தளர்ந்திருக்க வேண்டுமாம், இழுக்க வேண்டியது தோளல்ல, இடுப்போடு திரும்பும் உடம்பு. சரிதான், ஆனால் அதற்குள் கட்டைவிரல் அடியில் இரண்டு கொப்புளம்.

ஆக, படகைவிட வழிகாட்டியைப் பாருங்கள். தோள்வலி உண்டா, மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறாரா? லைஃப் ஜாக்கெட்டைத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கிறாரா? காது வரை ஏறினால் அது தளர்வு. இழுவைக் கயிறும் உபரித் துடுப்பும் வைத்திருக்கிறாரா? கடல் நீரின் ஏற்ற வற்றத்துக்கு நேரம் பார்க்கிறாரா? சுமார் 6 மணி நேர ஏற்றத்தில் 3, 4-ஆவது மணி நேரத்தில்தான் பாதித் தண்ணீர் ஏறும். தீவுகளுக்கு இடையே நீரோட்டத்தின் இழுப்பு அப்போதுதான் அதிகம்.

இருவர் படகு கேளுங்கள், அகலம் கூடுதல், எளிதில் கவிழாது. (துடுப்புகள் மோதினால் பழி பின்னால் இருப்பவருக்கு.) இடுப்பளவு தண்ணீரில் ஒருமுறை வேண்டுமென்றே கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். எனக்கு மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறியது, பயம் பாதி அங்கேயே இறங்கியது. கவிழ்ந்தால் நீந்த முயலாதீர்கள், படகை மட்டும் விடாதீர்கள். வழிகாட்டி வந்து ஏற்றிவிடுவார்.