தரிசு நிலத்தில் முள் ஏறுவது எப்படி?

கேள்வி: ஐந்து ஆண்டுகளாக உழாமல் கிடக்கும் மானாவாரி நிலத்தில் சீமைக்கருவேல் அடர்ந்துவிட்டது. யாரும் விதைக்கவில்லை. எப்படி வந்தது?

பதில்: ஆடுமாடுகள் கொண்டுவந்தவைதான். இனிப்பான நெற்றைத் தின்றால் சதை செரித்துவிடும், கடினமான ஓட்டுக்குள் இருக்கும் விதைகளில் பல செரிக்காமல் வெளியேறும். மழை பெய்த சில நாளில் ஒரு பழைய சாணிக் கட்டியைப் புரட்டிப் பாருங்கள். ஈரம் கோத்த அடிப்பக்கத்தில் வெள்ளை வேர் விட்ட நாற்றுகள் தெரியும்.

ஆனால் விதை விழுந்த இடமெல்லாம் முள் நிற்பதில்லை. முதல் மழைக்காலத்தில்தான் போட்டி. புல்லின் வேர் பெரும்பாலும் மேல்மண் ஓரடிக்குள் பின்னிக் கிடக்கும், சிறு மழையை அதுவே குடித்துவிடும். அங்கே முள் நாற்று ஈரமில்லாமல் கருகும். மேய்ச்சல் மிஞ்சிப் புல் தேய்ந்த நிலத்திலோ நாற்றின் ஆணிவேர் தடையில்லாமல் இறங்கும். அது ஆழத்து ஈரத்தைத் தொட்டபின் புல் திரும்பி வந்தாலும் அதை ஒன்றும் செய்யாது. அதனால், கைவிட்ட முதல் ஓரிரு ஆண்டில் புல்லைக் காப்பாற்றியிருந்தால் பாதிச் சண்டை அப்போதே முடிந்திருக்கும்.

கேள்வி: கூடவே ஆவாரை, எருக்கு, விராலியும் இருக்கின்றன. எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். ஆடு சீண்டாததால் மிஞ்சியவை இவை. புதரடியில் வண்டலும் சருகும் சேர்ந்து, மழைநீர் சுற்றியுள்ள கட்டாந்தரையைவிட நன்றாக இறங்கும். கிளையில் உட்காரும் பறவை போடும் வேப்பங்கொட்டை அந்த நிழலில் முளைத்துத் தேறும். ஆவாரை தழைச்சத்தைச் சேர்க்கும் என்று நம்பி மட்டும் விடாதீர்கள். பயறு வகைக் குடும்பம்தான், ஆனால் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத்தரும் வேர்முடிச்சு அதற்குக் கிடையாது.

கேள்வி: சீமைக்கருவேலை வெட்ட வெட்டத் துளிர்க்கிறதே?

பதில்: தரையோடு வெட்டுவதுதான் தவறு. உறங்கும் மொட்டுகள் மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, தூரின் கழுத்தில் இருக்கின்றன. மேலே வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் பல தண்டுகள் கிளம்பும். மழைக்குப்பின் மண் இளகியிருக்கும்போது சுற்றிலும் ஓரடி தோண்டி, மொட்டுப் பகுதிக்குக் கீழே ஆணிவேரை அறுத்துத் தூரை முழுதாக எடுங்கள். நெற்று பழுக்கும் முன் முடித்துவிட வேண்டும்.

தோண்டிய மண்ணை வெறுமையாக விட்டால், மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் விதை முளைக்கும். அது பல ஆண்டு உயிரோடு இருக்கக் கூடியது. ஏக்கருக்கு சுமார் 3 கிலோ கொழுக்கட்டைப்புல் விதையை ஈர மணலோடு கலந்து தூவி, முள் கிளையை இழுத்து லேசாக மூடுங்கள். ஆழமாகப் புதைந்தால் சரியாக முளைக்காது. அறுவடையான உடனே கிடைக்கும் விதைக்கு உறக்கநிலை உண்டு, 6 முதல் 8 மாதம் வைத்திருந்த விதையே சரி. முதல் ஆண்டு புல் விதை உதிரும்வரை ஆடுமாடு உள்ளே வரக்கூடாது. அதன்பிறகு ஒவ்வொரு மழைக்கும் ஒரு சுற்று நடந்து, ஒரு சாண் உயரத்துக்குள்ளேயே முள் நாற்றைக் கையால் வேரோடு பிடுங்கிவிடுங்கள்.