ராயபுரம் தம்பி கேட்டதுக்கு: சென்டர்ல இருக்கிற அட்வைசருங்க யாரு, அவங்ககிட்ட போலாமா

தம்பி, நீ கேட்டத படிச்சதும் என் மொத வருஷம் அப்டியே கண்ணு முன்னாடி வந்துருச்சு. கென்டக்கி வந்து மூணு வாரம், ஒபீசிட்டியும் இதய நோயும் ஆராயற சென்டர்ல போஸ்ட்டாக்கா, அதாவது பிஎச்டி முடிச்ச ஆராய்ச்சியாளரா சேந்திருக்க, அங்க ஃபேக்கல்டி அட்வைசர்ஸ்னு ஆலோசனை சொல்ற ப்ரொபசருங்க லிஸ்ட் ஒண்ணு இருக்கு, அதுல ஒரு மேடம் காரிடார்ல பாத்து எப்ப வேணா வந்து பேசுன்னாங்க, போனா நம்ம லேப் நடத்தற பாஸ் கோச்சுப்பாரா, இவனுக்கு ஒண்ணுந்தெரியலன்னு நெனச்சுருவாங்களான்னு கேட்டிருக்க. போ தம்பி. இந்த வாரமே போ.

மொதல்ல அவங்க எதுக்கு அங்க இருக்காங்கன்னு புரிஞ்சுக்கோ. நீ சொல்றத வச்சு பாத்தா உங்க சென்டர் கோப்ரிங்கற (COBRE) அரசாங்க கிரான்ட்ல ஓடுது. அமெரிக்காவுல மருத்துவ ஆராய்ச்சிக்கு பணம் குடுக்கற அரசாங்க அமைப்பு என்ஐஎச், அதோட பணம் பெரும்பகுதி சில மாநிலங்களுக்கே போகுதுன்னு 1993ல ஐடியான்னு (IDeA) ஒரு ப்ரோக்ராம் கொண்டாந்தாங்க, கென்டக்கி, லூசியானா, மிசிசிப்பி, ஓக்லஹோமா மாதிரி 23 மாநிலமும் போர்ட்டோ ரிக்கோவும் அதுல வரும், அதுக்குள்ள 2000ல ஆரம்பிச்சதுதான் கோப்ரி. அஞ்சஞ்சு வருஷமா மூணு கட்டம். அதோட வேலையே இளம் ப்ரொபசருங்கள கைதூக்கி விடறதுதான். அவங்களத்தான் ப்ராஜெக்ட் லீடருங்கன்னு சொல்வாங்க, என்ஐஎச்கிட்ட சொந்தமா ஆர்01ங்கற பெரிய ஆராய்ச்சி கிரான்ட் வாங்கினதும் கோப்ரிலேர்ந்து வெளிய வந்துருவாங்க, அந்த எடத்துக்கு இன்னொரு இளம் ஆள் வருவாங்க. அதே யுனிவர்சிட்டில வேற வேற டிபார்ட்மென்ட் சீனியருங்க, அதாவது ஃபார்மகாலஜி, ஃபிசியாலஜி, கார்டியாலஜி, ஸ்டாடிஸ்டிக்ஸ் இப்டி, உள் கமிட்டில இருந்து அந்த இளம் ஆளுங்க வேலைய கவனிச்சு ஆலோசனை சொல்வாங்க, நீ சொன்ன அட்வைசருங்க இவங்கதான். வெளி யுனிவர்சிட்டி ஆளுங்க ஒரு கமிட்டியா வருஷத்துக்கு ஒருவாட்டி வந்து எல்லாரோட டேட்டாவையும் கேட்டுட்டு ரிப்போர்ட் எழுதிட்டு போவாங்க.

இப்ப பாரு, உன் பாஸ் அசிஸ்டென்ட் ப்ரொபசர்னு சொன்ன. அப்டின்னா அந்த அட்வைசருங்கள போட்டதே உன் பாஸுக்காகத்தான். அவரும் அவங்க முன்னாடி உக்காந்து இது வொர்க் ஆகல, என்ன பண்ணலாம்னு கேக்கறவர்தான். நீ போய் கேட்டா அவருக்கு மானம் போற விஷயம் கெடையாது. ஆனா ஒண்ணு, போறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு. இந்த விஷயத்துக்கு அந்த மேடத்த பாக்கப் போறேன்னு. பின்னாடி அவருக்கு வேற யாரோ சொல்லி தெரியக்கூடாது.

நான் கொருக்குப்பேட்டைல இருந்து ட்ரெயின் புடிச்சு பீச் போய், அங்கேர்ந்து தரமணிக்கு மாறிப் போய் பிஎச்டி பண்ணவ. சார் ரூமுக்கு வெளிய மத்தியானம் வரைக்கும் ஃபைலோட நின்னு பழக்கம், கூப்புட்டாதான் உள்ள போவோம், அதான் மரியாதைன்னு வளந்தோம். இங்க வந்த மொத லேப்லயும் (வேற மாநிலம், வேற யுனிவர்சிட்டி) அப்டியே இருந்தேன். ஆறு மாசம் எலிங்களுக்கு கொழுப்பு டயட் குடுத்து, ரத்தக்குழாய்ல ப்ளாக் எவ்ளோன்னு அளந்து, ராத்திரி பகலா உழைச்சேன். க்ரூப்புக்கு அஞ்சு எலி. கொழுப்பு டயட் எலியெல்லாம் ரெண்டே கூண்டுல, சாதா டயட் எலியெல்லாம் இன்னும் ரெண்டு கூண்டுல. எல்லாம் முடிஞ்சப்புறந்தான் ஸ்டாடிஸ்டிக்ஸ் அட்வைசர்கிட்ட கொண்டு போனேன். அவர் சத்தமே போடல. ப்ளாக் அளவு எலிக்கு எலி இவ்ளோ மாறும்போது அஞ்சு பத்தாது, ஒரு கூண்டுல ஒண்ணா வாழற எலிங்க ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகும், இதுல டயட் எது கூண்டு எதுன்னு பிரிக்கவே முடியாதுன்னு பேப்பர்ல வரைஞ்சு காட்டினார். அப்பறம் கேட்டார், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஏன் வரலன்னு. பாத்ரூம்ல போய் அழுதேன். அந்த எலிங்க உயிரும் வீணாதான போச்சு, அது இன்னிக்கும் எனக்கு உறுத்துது. அதனாலதான் உனக்கு இவ்ளோ அழுத்திச் சொல்றேன், டேட்டா அழகா வந்தப்பறம் காட்டலாம்னு வச்சிருக்காத. டிசைனா இருக்கும்போதே காட்டு. பொட்டை எலி கொழுப்பு டயட்ல ஆண் எலி அளவுக்கு வெயிட் போடாது, ரெண்டையும் சேர்க்கணுமா, எத்தனைன்னு ஆரம்பத்துலயே கேட்டுக்கோ. 2016லேர்ந்து என்ஐஎச்சும் ஆண் பெண் ரெண்டையும் பத்தி யோசிச்சு எழுதுன்னு சொல்லுது.

இன்னொரு விஷயம், நம்ம ஊர்க்காரங்க கவனிக்க வேண்டியது. எங்க கமிட்டில ஒரு கார்டியாலஜி டாக்டர் இருந்தாங்க, சும்மா பேசிட்டிருக்கும்போது எங்க சித்தப்பா கதைய சொன்னேன். காசிமேட்டுல வலை இழுத்தவர், பாத்தா ஒல்லி, கை காலெல்லாம் குச்சி மாதிரி, வயிறு மட்டும் முன்னாடி தள்ளியிருக்கும், 44 வயசுல ஹார்ட் அட்டாக், ஸ்டான்லில சேத்து பொழச்சுக்கிட்டார். அவங்க நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க. இங்க பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்ளோங்கற கணக்கு, 30 இருந்தாதான் ஒபீசிட்டிம்பாங்க, நமக்கு இந்தியாவுல 25லயே, ஆம்பளைக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர் பொம்பளைக்கு 80 தாண்டினாலே கவனிக்கணும்னு சொல்றது ஏன்னா அதே பிஎம்ஐல வெள்ளைக்காரங்கள விட நம்மாளுங்களுக்கு வயித்துக்குள்ள குடல், ஈரல சுத்தி கொழுப்பு அதிகமா சேரும். கொழுப்பு சும்மா கெடக்கற மூட்டையும் இல்ல, 1994ல கொழுப்பு செல் சுரக்கற லெப்டின்ங்கற ஹார்மோன கண்டுபிடிச்சதுலேர்ந்தே அது ஹார்மோன் சுரக்கற உறுப்புன்னு தெரியும், பிபிய ஏத்தற ஆஞ்சியோடென்சினுக்கு மூலப்பொருள கூட கொழுப்பு செல் செய்யுது. எடைய மட்டும் பாக்காம எந்த எடத்துக் கொழுப்புன்னு பிரிச்சு அளக்கலாமேன்னு அன்னிக்கு அவங்க சொன்னதுதான் என் அடுத்த மூணு வருஷ வேலை. உங்க தெருவுல நீ பாத்ததும் அறிவுதான் தம்பி, அத எடுத்துட்டுப் போ.

எப்டி போறதுன்னா, மெயில் நாலு வரி போதும். யாரு, எந்த லேப், என்ன ஒரு கேள்வி, அரை மணி நேரம் கெடைக்குமா. ஒரே பக்கத்துல டிசைன வரைஞ்சு அட்டாச் பண்ணு. ரெஸ்பெக்டட் சார் மேடம்லாம் வேணாம், டாக்டர் போட்டு குடும்பப் பேரு எழுது, பேர் சொல்லிக் கூப்புடுன்னு அவங்களே சொன்னா கூப்புடு. மொத பத்து தடவ நாக்கு கூசும், பழகிரும். பேசினப்பறம் அன்னிக்கே முடிவான விஷயத்த எழுதி அனுப்பு, பாஸையும் சிசில போடு.

கடவுள் புண்ணியத்துல தேவைப்படக்கூடாது, ஆனாலும் சொல்றேன். லேப்ல உனக்கு அநியாயம் நடந்தா, பேப்பர்ல பேர் விடறது, லீவு குடுக்காதது, விசாவ காட்டி மெரட்டறது, அந்த லிஸ்ட்ல உன் பாஸ் டிபார்ட்மென்ட்ல இல்லாத ஒருத்தர்கிட்ட போ. வாய மூடிட்டு இருக்காத.

மெயில் ட்ராஃப்ட் எழுதி எனக்கு அனுப்பு, ஞாயித்துக்கெழம காலைல படிச்சுட்டு கூப்புடறேன். அப்டியே உங்க தெரு முக்குல அந்த அத்தோ கடை இன்னும் இருக்கான்னும் சொல்லு.