பணம் கட்டும் முன் வளாகத்தைப் பார்த்துவிடுங்கள்

கேள்வி: என் மகளுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டுமே எங்கள் வீட்டிலிருந்து வெகு தூரம். இடத்தை உறுதி செய்ய முன்பணம் கட்டச் சில வாரங்களே உள்ளன. நேரில் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்கிறேன் நான். எல்லாம் இணையத்திலேயே இருக்கிறது, பயணச் செலவு தண்டம் என்கிறார் கணவர். போவதென்றால் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: போய்ப் பாருங்கள். படிப்புக் கட்டணம், தங்கும் செலவு எல்லாவற்றையும் மொத்தமாகக் கூட்டினால், பல குடும்பங்களுக்கு வீடு வாங்குவதற்கு அடுத்த பெரிய செலவு இதுதான். பயணச் செலவு அதில் ஒரு ஓரம். ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே போங்கள். கட்டிவிட்டுப் போனால், எடுத்த முடிவு சரிதான் என்று மனசு சொல்லிக்கொண்டே வரும். குறை கண்ணில் படாது.

எந்த நாளில் போவது என்பதுதான் முதலில் யோசிக்க வேண்டியது. ‘ஓப்பன் டே’ என்று பல்கலைக்கழகமே அழைக்கும் நாளில் பேராசிரியர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பாடத்திட்டம், உதவித்தொகை பற்றிக் கேட்க அது நல்ல நாள். அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி என்று தெரிந்துகொள்ள அது உதவாது. பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இந்த நாட்களில் பல ஜூன், ஜூலையில் வரும். ஜூன் மாதத்து எடின்பரோவில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நான்கு மணி அடிக்கும் முன்பே சூரியன் மறைந்துவிடும். வகுப்புகள் நடப்பது பெரும்பாலும் குளிர்காலத்தையொட்டி. ஆகவே இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், வகுப்பு நடக்கும் ஒரு சாதாரண வாரநாளில் போவதுதான் நல்லது. அட்மிஷன் அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதி, முதலாண்டு வகுப்பு ஒன்றில் மகள் உட்கார அனுமதி கேளுங்கள். பல இடங்களில் சம்மதிப்பார்கள்.

டிக்கெட் போடுவதற்கு முன் இன்னொன்று: உங்கள் மகளின் துறை எந்த வளாகத்தில் இருக்கிறது? ஒரே பெயரில் பல வளாகங்கள் இருக்கும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் இதாக்கா என்ற சிறிய ஊரில். அதன் மருத்துவக் கல்லூரியோ நியூயார்க் மாநகரத்துக்குள். விளம்பரப் படத்தில் இருக்கும் ஏரியையும் புல்வெளியையும் பார்த்துச் சேர்ந்துவிட்டு, வகுப்புக்குத் தினமும் வேறெங்கோ பேருந்தில் போகிற மாணவர்கள் உண்டு.

வளாகத்தைச் சுற்றிக் காட்ட மாணவர் ஒருவர் வருவார். பல இடங்களில் அவருக்கு அது சம்பள வேலை. பொய் சொல்வார் என்று சொல்லவில்லை. ஆனால் எந்த வழியாக அழைத்துப் போவது என்று தீர்மானிப்பது அலுவலகம்தானே. அவர் கைகுலுக்கி விடைபெற்ற பிறகுதான் உங்கள் வேலை ஆரம்பம். வாடகை வீடு பார்க்கப் போனால் குழாயைத் திறந்து பார்ப்போம் இல்லையா, அதுபோல.

நேராகத் துறைக் கட்டடத்துக்குப் போங்கள். அறிவியல், பொறியியல் என்றால் ஆய்வகக் கருவிகளின் பக்கவாட்டில் ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்: கடைசியாகச் சரிபார்த்த தேதி, அடுத்து சரிபார்க்க வேண்டிய தேதி. அருகிலேயே யார், எப்போது பயன்படுத்தினார்கள் என்று எழுதும் பதிவேடு இருக்கலாம். தேதி காலாவதியாகி, பதிவேடு மாதக்கணக்கில் வெறுமையாக இருந்தால், அந்தக் கருவி இருப்பது வருகிறவர்களுக்குக் காட்டத்தான். சுவரில் அட்டவணை இருந்தால், ஒரு ஆய்வக நேரத்துக்கு எத்தனை பேர், எத்தனை கருவிகள் என்று எண்ணிப் பாருங்கள். தாழ்வாரத்து அறிவிப்புப் பலகையையும் நின்று படியுங்கள். ரத்தான வகுப்பு, கருத்தரங்கு, பழைய புத்தக விற்பனை, ‘அறைத்தோழர் தேவை’ எல்லாம் அதில் இருக்கும். அறை வாடகை உண்மையில் எவ்வளவு என்பது கையேட்டைவிட அந்தத் துண்டுச்சீட்டில்தான் சரியாக இருக்கும்.

மாணவர்களிடம் “காலேஜ் எப்படி இருக்கு?” என்று கேட்காதீர்கள். “நல்லா இருக்கு” என்ற பதில்தான் வரும். எடுக்க ஆசைப்பட்டு இடம் கிடைக்காமல் போன பாடம் எது, கொடுத்த அசைன்மென்ட் திருத்தி வர எத்தனை நாளாகிறது, உடம்பு சரியில்லை என்றால் எங்கே போவீர்கள் என்று கேளுங்கள். முதலாண்டு மாணவரைவிட இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களைப் பிடியுங்கள். காரணம் இருக்கிறது. பல பல்கலைக்கழகங்கள் விடுதி இடத்துக்கு உறுதி தருவது முதலாண்டுக்கு மட்டும். அதன்பிறகு மகள் வாழப்போவது நகரத்தில்.

அந்த நகரத்தைத்தான் பெரும்பாலோர் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். மூத்த மாணவர்கள் எந்தப் பகுதியில் அறை எடுக்கிறார்கள் என்று கேட்டு, நூலகம் மூடும் நேரத்துக்கு அங்கே போய்வாருங்கள். நடந்தோ பேருந்திலோ, மகள் எப்படிப் போவாளோ அப்படி. காரில் போனால் ஒன்றும் தெரியாது. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறதா? தெருவிளக்கு எரிகிறதா? பகுதிநேர வேலைக்கு ஆள் வேண்டும் என்று எங்கேயாவது எழுதிப் போட்டிருக்கிறதா? மகளைத் தனியாகக் கொஞ்ச நேரம் சுற்றவிடுங்கள். பெற்றோர் கூடவே இருந்தால் பிள்ளைகள் ஊரைப் பார்ப்பதில்லை, பெற்றோரின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

அமெரிக்கா என்றால் பாதுகாப்புக்கு ஓர் ஆவணமும் உண்டு. கிளெரி சட்டம் என்ற 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மத்திய அரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் பங்கேற்கும் கல்லூரிகள் மூன்று ஆண்டுகளின் குற்றக் கணக்கை ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள் வெளியிட வேண்டும். படியுங்கள், ஆனால் இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். வளாகமும் அதை ஒட்டிய பொது இடங்களும்தான் முக்கியமாக அந்தக் கணக்கில் வரும். சற்றுத் தள்ளி மாணவர்கள் அறை எடுக்கும் தெரு அதில் இராது. அப்புறம், எண்ணிக்கை குறைவு என்றால் குற்றம் குறைவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. புகார் கொடுக்க யாரும் முன்வராத இடத்திலும் கணக்கு குறைவாகத்தான் இருக்கும்.

கேள்வி: வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்துள்ளது. நேரில் போக வசதியில்லை. ஏஜென்ட் ஒருவர் ‘நான் பார்த்திருக்கிறேன், அருமையான இடம்’ என்கிறார். நம்பலாமா?

பதில்: அவர் பார்த்திருக்கலாம். ஆனால் மாணவர் சேர்ந்தால் பல ஏஜென்ட்களுக்குப் பல்கலைக்கழகமே கமிஷன் தருகிறது. இந்தப் பல்கலைக்கழகத்திடமிருந்து உங்களுக்குக் கமிஷன் வருமா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பில்லை.

குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்கள் வந்து பார்க்க, பயணச் செலவைத் தாங்களே ஏற்கும் அமெரிக்கக் கல்லூரிகள் சில உண்டு. பெரும்பாலும் அது உள்நாட்டு மாணவர்களுக்கு. உங்களுக்குப் பொருந்துமா என்று ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். இல்லையென்றால், அங்கே படிக்கும் மாணவர் ஒருவரை மாணவர் சங்கங்கள் மூலம் தேடிப்பிடித்து, விடுதி வாசலிலிருந்து துறைக் கட்டடம் வரை வீடியோ காலில் நடந்து காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் போகலாம் என்று இணையதளம் சொல்லும் இடம், நடந்து காட்டுகிறவருக்கு மூச்சு வாங்கும் ஏற்றமாக இருக்கலாம். கூகுள் வரைபடத்தில் தெருக் காட்சியைப் பார்க்கும்போது அது எந்த மாதம், எந்த ஆண்டு எடுத்த படம் என்பதையும் கவனியுங்கள். அதிலேயே இருக்கும்.

கேள்வி: வளாகத்தைப் பார்க்கப் போனபோது காட்டிய விடுதி அறை பளபளவென்று இருந்தது. அதை நம்பி அட்வான்ஸ் கட்டலாமா?

பதில்: அது மாதிரி அறையாக இருக்கலாம். எனக்கு ஒதுக்கப்போவது எந்தக் கட்டடம், எத்தனை பேர் தங்கும் அறை, எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் வாங்கிவிட்டுக் கட்டுங்கள்.

கேள்வி: போய்ப் பார்த்தபோது, ஒரு குறிப்பிட்ட சிறப்புப் பாடம் உண்டு என்று சேர்க்கை அதிகாரி வாயால் சொன்னார். சேர்ந்த பிறகு இல்லை என்கிறார்கள். நுகர்வோர் என்ற முறையில் வழக்குப் போடலாமா?

பதில்: நீங்கள் எந்த நாட்டில் சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சேவையைப் பற்றி வாயால் சொன்னதும் அதை நம்பி நீங்கள் முடிவெடுத்திருந்தால் ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும். இளநிலை மாணவர் விஷயத்தில் பல்கலைக்கழகங்களுக்கும் நுகர்வோர் சட்டம் பொருந்தும் என்று அங்குள்ள சந்தைப் போட்டி ஆணையமே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. சொன்னார் என்று நிரூபிப்பதுதான் பாடு.

இந்தியாவில் அவ்வளவு சுலபமில்லை. மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கில், மாணவர் நுகர்வோர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. ஆகவே நுகர்வோர் மன்றத்துக்குப் போகும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்புக் குழுவுக்கும் எழுதுங்கள். விலகுவதாக இருந்தால் தாமதிக்காதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளில், திரும்பக் கிடைக்கும் கட்டணம் நீங்கள் விலகும் தேதியைப் பொறுத்துக் குறைந்துகொண்டே போகும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் அந்த விதிகளில் இடமில்லை.

இனிமேல் பார்க்கப் போகிறவர்கள், திரும்பி வந்த அன்றைக்கே அந்த அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘இன்று நேரில் சந்தித்தபோது இந்தப் பாடம் வரும் கல்வியாண்டில் உண்டு என்று சொன்னீர்கள். உறுதி செய்ய வேண்டுகிறேன்’ என்று இரண்டே வரி. பதில் வராவிட்டால் முன்பணம் கட்ட அவசரப்படாதீர்கள்.