பணம் வரும் தேதியும் போகும் தேதியும்: தொழில் நிதி குறித்த கேள்வி பதில்

வங்கியின் கடன் பிரிவில் 22 ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில், தொழில் நிதி, வங்கிக் கடன், முதலீடு ஆகியவற்றின் அடிப்படைகள் குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். வரிச் சட்டமும் மெய்நிகர் நாணயங்களும் என் துறைக்கு அப்பாற்பட்டவை. கணக்குகளில் வரும் தொகைகளுக்கு எந்த நாட்டு நாணயத்தையும் பொருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: அம்மா, தச்சுப்பட்டறை நடத்துகிறேன். கணக்கு எழுதுபவர் நல்ல லாபம் என்கிறார். ஆனால் கூலி கொடுக்கும் நாளில் கையில் காசு இருப்பதில்லை. லாபம் எங்கே போகிறது?

பதில்: உங்கள் லாபம் எங்கும் போகவில்லை, இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஒரு வேலையை எடுத்துக்கொண்டு நாள்வாரியாகப் பார்ப்போம். 10 லட்சத்துக்கு ஒரு வேலை ஒப்புக்கொள்கிறீர்கள். மரத்துக்கும் பிற பொருட்களுக்கும் 5 லட்சம். அதை 15ஆம் நாளில் கொடுத்தாக வேண்டும். வேலை 40 நாட்கள் நடக்கிறது. அந்த நாட்களில் கூலியாக 2 லட்சம் வாரந்தோறும் போகிறது. பொருளை ஒப்படைத்த பிறகு வாங்கியவர் 90 நாள் தவணை எடுத்துக்கொள்கிறார். ஆகவே 10 லட்சம் உங்கள் கைக்கு வருவது 130ஆம் நாளில்.

இப்போது மாதம் ஒரு வேலை என்று, 30 நாட்களுக்கு ஒருமுறை இத்தகைய வேலை தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். 129ஆம் நாள் மாலையில் நான்கு வேலைகளுக்கான பணம் ஏறத்தாழ முழுவதும் வெளியே போயிருக்கும். ஐந்தாவது வேலைக்குக் கூலி கொடுக்கத் தொடங்கியிருப்பீர்கள். கூட்டினால் 28 லட்சத்தைச் சற்றே தாண்டும். அதே மாலையில் மூன்று வேலைகள் ஒப்படைக்கப்பட்டுவிட்டதால் ஏட்டில் லாபம் 9 லட்சம் என்று நிற்கும். கணக்கு எழுதுபவர் சொல்வதும் உண்மை, நீங்கள் சொல்வதும் உண்மை. ஒப்படைத்த நாளிலேயே விற்பனை ஏட்டில் ஏறிவிடுகிறது. பணமோ தன் தேதியில்தான் வருகிறது. வேலைகளை இரு மடங்காக்கினால் இந்தப் பள்ளமும் இரு மடங்காகும் என்பதால்தான், வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும் நல்ல நிறுவனங்கள்கூட மூச்சுத் திணறிப்போகின்றன.

நடைமுறை மூலதனம் என்பது இந்தப் பள்ளத்தை நிரப்பும் பணம்தான். ஒரு தாளில் வரவுகளையும் செலவுகளையும் தேதியோடு எழுதுங்கள். எந்த நாளில் பள்ளம் மிக ஆழமாக இருக்கிறது என்று பாருங்கள். அந்த ஒரு தொகை தெரியாமல் கடன் கேட்டு எந்த வங்கிக்கும் போகாதீர்கள். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பள்ளத்தை நிரப்ப வாங்கும் நடைமுறைக் கடனிலிருந்து இயந்திரம் வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: எந்தப் பங்கு வாங்கலாம்?

பதில்: அந்தப் பணம் உங்களுக்கு எந்த ஆண்டில் திரும்ப வேண்டும் என்று முதலில் சொல்லுங்கள். 2 ஆண்டுகளில் வேண்டுமென்றால் எந்தப் பங்கும் வேண்டாம். 1989 டிசம்பர் இறுதியில் ஜப்பானின் நிக்கெய் பங்குச் சந்தைக் குறியீடு 38,915 புள்ளிகளில் முடிந்தது. அந்த உயரத்தை அது மீண்டும் கடந்தது 2024 பிப்ரவரியில். உலகின் பெரும் பொருளாதாரங்களுள் ஒன்றில், ஒரு நிறுவனத்துக்கு மட்டுமல்ல, சந்தை முழுமைக்கும் நேர்ந்தது இது.

கேள்வி: ஒரு நிதி நிறுவனம் 12 சதவீத வட்டி என்கிறது, வங்கி 16 சதவீதம் என்கிறது. நிதி நிறுவனம்தானே மலிவு?

பதில்: அந்த 12 சதவீதம் ஃபிளாட் வட்டியா, குறையும் நிலுவை மீதான வட்டியா என்று கேட்டீர்களா? 1,20,000 கடனை 12 மாதத் தவணைகளில் அடைப்பதாகக் கொள்வோம். ஃபிளாட் முறையில் 12 சதவீதம் என்றால் வட்டி 14,400. மாதத் தவணை 11,200. முதல் தவணையிலிருந்தே நீங்கள் அசலைத் திருப்பிக் கொடுத்துவருகிறீர்கள். கடைசி மாதத்தில் உங்கள் கையில் இருப்பது பத்தாயிரத்துச் சொச்சம்தான். ஆனால் வட்டியோ கடைசி வரை 1,20,000க்கும் போடப்படுகிறது. குறையும் நிலுவைக் கணக்கில் இதே 12 சதவீதத்துக்கு மொத்த வட்டி ஏறத்தாழ 7,940 மட்டுமே. ஆக, நிதி நிறுவனம் சொன்ன 12, வங்கியின் மொழியில் ஏறத்தாழ 21.5 சதவீதம். வங்கியின் 16 குறையும் நிலுவை மீதானது என்றால் அதுதான் மலிவு. நடைமுறைக் கட்டணங்களையும் சேர்த்துக்கொண்டு, மொத்தமாக எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே ஒப்பிடுங்கள்.

கேள்வி: நடைமுறைக் கடனில் இயந்திரம் வாங்காதீர்கள் என்று தச்சுப்பட்டறை நண்பருக்குச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. 18 ஆண்டுகளாக மொத்த வணிகம் செய்கிறேன். மிகைப்பற்றுக் கணக்கின் (இருப்பு தீர்ந்த பிறகும் ஒரு வரம்பு வரை பணம் எடுக்க வங்கி விடும் ஓவர்டிராஃப்ட்) வட்டி நீண்ட காலக் கடனின் வட்டியைவிட எனக்குக் குறைவு. ஆண்டுதோறும் வங்கி புதுப்பித்துத் தருகிறது. அதிலேயே இரண்டு வாகனங்கள் வாங்கினேன், ஒன்றும் ஆகவில்லை. எதற்காக அதிக வட்டி கட்ட வேண்டும்?

பதில்: ஐயா, உங்கள் கேள்வி இந்த அமர்வின் நடுப்புள்ளியைத் தொடுகிறது; ஆகவே விரிவாகவே எழுதுகிறேன். குறுகிய காலக் கடனுக்கு வட்டி பெரும்பாலும் குறைவு என்று நீங்கள் சொல்வது சரி. அந்தக் குறைவு எதற்கான விலை என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம். நீண்ட காலக் கடனில் நீங்கள் கூடுதலாகக் கட்டும் வட்டி, 'இடையில் திருப்பிக் கேட்க மாட்டேன்' என்று வங்கி தரும் உறுதிக்கான விலை. மிகைப்பற்றில் அந்த உறுதி இல்லை; கேட்கும்போது திருப்பித் தர வேண்டும் என்றே பத்திரத்தில் எழுதியிருக்கும். 18 முறை புதுப்பித்தார்கள் என்பது 19ஆம் முறைக்கு உத்தரவாதம் ஆகாது. வங்கி மறுக்கும் ஆண்டு பெரும்பாலும் உங்கள் விற்பனையும் சரிந்திருக்கும் ஆண்டாகவே அமையும். மற்ற வங்கிகளும் அப்போது கையை இறுக்கிக்கொண்டிருக்கும்.

நான் பரிந்துரைத்த கடன் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். ஓர் அச்சகம், நேர்மையான உரிமையாளர், வேலைக்குக் குறைவில்லை. மிகைப்பற்றிலிருந்து பணம் எடுத்துப் புதிய அச்சு இயந்திரம் வாங்கினார். கணக்கு வரம்பின் விளிம்பிலேயே மாதக்கணக்கில் நிற்பதை நான் பார்த்தேன், இயந்திரத்துக்காகத் தனியே ஐந்தாண்டுக் கடனாக அதை மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அடுத்த ஆண்டு மேலிடம் அந்தத் துறைக்கான வரம்புகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. காகிதம் வாங்கக்கூட அவரிடம் பணமில்லை. இயந்திரத்தை விற்கப்போனபோது வாங்கிய விலையில் பாதிக்கும் கீழே கேட்டார்கள். லாபத்தில் ஓடிக்கொண்டிருந்த அச்சகம் ஏழு மாதங்களில் மூடப்பட்டது. அந்தக் கோப்பில் என் கையெழுத்து இருக்கிறது; அதனால்தான் இந்த எச்சரிக்கையை எங்கும் விடாமல் சொல்கிறேன்.

கேள்வி: இந்த வம்பே வேண்டாம். சொந்தப் பணத்துக்கு வட்டியில்லை. கடனே வாங்காமல் தொழில் செய்வதுதானே நல்லது?

பதில்: சொந்தப் பணம் திரும்பக் கேட்காது என்பது பெரிய பலம். ஆனால் அது இலவசம் என்பதை நான் ஏற்கமாட்டேன். அந்தப் பணத்தை வேறோர் இடத்தில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் வருமானமே அதன் விலை; நட்டம் வந்தால் முதலில் கரைவதும் அதுதான் என்பதால், அந்த விலை கடன் வட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். 1958இல் மோடிக்லியானி, மில்லர் என்ற இரு பொருளியலாளர்கள், வரியும் திவால் செலவும் இல்லாத ஓர் உலகில் கடனுக்கும் சொந்த மூலதனத்துக்குமான விகிதம் நிறுவனத்தின் மதிப்பை மாற்றாது என்று நிறுவினார்கள். நம் உலகில் இரண்டும் உண்டு. எனவே விகிதம் முக்கியமாகிறது. ஏற்ற இறக்கம் மிகுந்த தொழிலுக்குக் கடன் குறைவாகவும், நிலையான வரவுள்ள தொழிலுக்குச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம். எவ்வளவு தாங்கும் என்று பார்க்க எளிய வழி, ஓராண்டுத் தவணைத் தொகையை அதே ஆண்டில் கைக்கு வரும் உபரியோடு ஒப்பிடுவது. தவணை 100 என்றால் உபரி 125க்குக் குறையாமல் இருக்கிறதா என்று கடன் அதிகாரிகள் பெரும்பாலும் பார்ப்பார்கள்.

கேள்வி: மொத்த வணிகம் செய்பவன் மறுபடியும் எழுதுகிறேன். அச்சகக் கதை இயந்திரத்துக்குப் பொருந்தலாம். ஆனால் என் சரக்கிருப்பு 40 லட்சத்துக்குக் கீழே ஒருநாளும் இறங்கியதில்லை. அது நடைமுறைச் சொத்துதானே? அதற்குக் குறுகிய காலக் கடன் சரிதானே?

பதில்: பெயரளவில் சரி, செயலளவில் சரியன்று, இதைக் கேட்டதற்கு நன்றி, ஏனெனில் நான் முன்பே பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டையும் விற்றுப் பணமாகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த இடத்தில் உடனே இன்னொரு மூட்டை வந்து உட்கார்ந்துகொள்கிறது. என்றும் குறையாத அந்த 40 லட்சம், கட்டடத்தைப் போல உங்கள் தொழிலில் நிலைத்துவிட்ட பணம். அதைச் சொந்த மூலதனமோ நீண்ட காலக் கடனோ தாங்க வேண்டும். விற்பனைப் பருவத்தில் 40 லட்சம் 65 ஆகிறதென்றால், கூடி இறங்கும் 25 லட்சத்துக்குத்தான் மிகைப்பற்று உரியது. அதற்கு அதைவிடப் பொருத்தமான கடன் இல்லை. உங்கள் மிகைப்பற்றுக் கணக்கு ஆண்டில் ஒருமுறையாவது வரவு நிலைக்கு வருகிறதா என்று பாருங்கள். வருகிறதென்றால் என் வாதம் உங்களுக்குப் பொருந்தாது. ஒருபோதும் வரவில்லையென்றால், நீங்கள் நீண்ட காலக் கடனை ஆண்டுதோறும் அறுந்துபோகக்கூடிய கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: இப்படித் தேதி பொருந்தாமல் கடன் வாங்கக்கூடாது என்றால், வங்கிகள் மட்டும் எப்படிச் செய்கின்றன? சேமிப்புப் பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். வீட்டுக் கடனோ 20 ஆண்டுக்கு.

பதில்: மிகக் கூர்மையான கேள்வி. வங்கித் தொழிலின் அடிப்படையே இந்தப் பொருந்தாமைதான். வைப்பாளர் எல்லோரும் ஒரே நாளில் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அது நிற்கிறது. எல்லோரும் வந்துவிடுவார்கள் என்ற அச்சமே எல்லோரையும் வரவழைத்துவிடவும் கூடும். டைமண்ட், டிப்விக் என்ற இரு பொருளியலாளர்கள் 1983இல் இதைக் கணித வடிவில் விளக்கினார்கள். 2022இல் பெர்னான்கி என்ற மற்றொரு பொருளியலாளரோடு பொருளியல் நோபல் பரிசும் பெற்றார்கள். வைப்புக் காப்பீடும், நெருக்கடியில் கடன் தரும் மத்திய வங்கியும் இந்த அச்சத்தைத் தணிக்கவே இருக்கின்றன. அந்த இரண்டும் உங்கள் தொழிலுக்கு இல்லை.

அவை இருந்தும் தவறியதுண்டு. அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி, வட்டி மிகக் குறைவாக இருந்த காலத்தில் வைப்புப் பணத்தை நீண்ட காலக் கடன் பத்திரங்களில் போட்டது. 2022இல் வட்டி விகிதம் மளமளவென்று ஏறியது. ஆண்டுக்கு 2 தரும் 100 முகமதிப்புள்ள பத்தாண்டுப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தை வட்டி 4.5 சதவீதமானால் அதை விற்கும்போது ஏறத்தாழ 80தான் கிடைக்கும். முதிர்வு வரை காத்திருந்தால் 100 முழுதாக வந்துவிடும். ஆனால் வைப்பாளர்கள் காத்திருக்கவில்லை. 2023 மார்ச் 8 அன்று பத்திரங்களை விற்றதில் 180 கோடி டாலர் நட்டம் என்று வங்கி அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வைப்பாளர்கள் முனைந்தார்கள். 10ஆம் தேதி வங்கி மூடப்பட்டது. அதன் வைப்புகளில் 90 சதவீதத்துக்கும் மேலானவை காப்பீட்டு வரம்பைத் தாண்டியவை. உங்கள் தொழிலின் பணம் முழுவதும் ஒரே வங்கியில் இருந்தால், உங்கள் நாட்டின் காப்பீட்டு வரம்பு எவ்வளவு என்று இன்றே பாருங்கள்.

கேள்வி: இப்போது வாங்க நல்ல பங்கு ஒன்று சொல்லுங்களேன்.

பதில்: இரண்டாம் கேள்விக்கான விடையைப் படியுங்கள்.

கேள்வி: மாதம் 5 சதவீதம் உறுதி என்கிறார்கள். ஆறு மாதமாக ஒழுங்காகத் தருகிறார்கள். சேரலாமா?

பதில்: சேராதீர்கள். மாதம் 5 சதவீதம் கூட்டு வட்டியாகப் பெருகினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 சதவீதம். ஆறு ஆண்டில் 33 மடங்கு. அப்படி ஈட்டத் தெரிந்தவர் வங்கியில் கடன் வாங்கித் தாமே ஈட்டிக்கொள்வாரே தவிர, உங்களைத் தேடி வரமாட்டார். 1920இல் பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்சி 45 நாளில் 50 சதவீதம் என்று சொல்லிப் பணம் திரட்டினார். முன்னவருக்குக் கொடுத்தது பின்னவரின் பணம். ஆறு மாதம் ஒழுங்காகத் தருவது அந்த முறையின் ஓர் அங்கம், அதுவே சான்றாகிவிடாது. ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றே திரும்பக் கேளுங்கள்.

கேள்வி: லாபத்துக்கு வரியைக் குறைக்க என்ன வழி?

பதில்: உங்கள் தணிக்கையாளரைக் கேளுங்கள்.

கேள்வி: பங்கு பற்றித்தான். ஒன்றும் தெரியாத எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வழியாவது காட்டுங்கள்.

பதில்: இப்படிக் கேட்டால் விடை இருக்கிறது. ஒரு பங்கைத் தேர்ந்தெடுக்கத் தெரியாவிட்டால் எல்லாவற்றிலும் சிறிது சிறிது வாங்கலாம். பொதுமக்களுக்கான முதல் குறியீட்டு நிதியை ஜான் போகல் 1976இல் அமெரிக்காவில் கொண்டுவந்தது இதற்காகத்தான். கட்டணத்தைக் கவனியுங்கள்: 8 சதவீதத்தில் பணம் 9 ஆண்டில் இரட்டிக்கும், கட்டணமாக 2 சதவீதம் போய் 6 ஆனால் 12 ஆண்டாகும். குறைந்தது பத்தாண்டுக்குத் தேவைப்படாத பணத்தை மட்டும் போடுங்கள். கடன் வாங்கி ஒருபோதும் போடாதீர்கள். இங்கும் அதே காரணம்தான்: கடன் தந்தவர் கேட்கும் தேதியில் சந்தை உங்களுக்காக ஏறி நிற்காது.

கேள்வி: தச்சுப்பட்டறைக்காரன் எழுதுகிறேன், அம்மா. நீங்கள் சொன்னபடி தாளில் எழுதிப் பார்த்தேன். வாடிக்கையாளர் ஒருவர் 30 சதவீதம் முன்பணம் தர ஒப்புக்கொண்டார். எல்லோரும் தந்தால் எவ்வளவு மாறும்?

பதில்: மிக நல்ல வேலை செய்தீர்கள். ஒவ்வொரு வேலையும் தொடங்கும் நாளில் 3 லட்சம் வந்துவிடுகிறது. இப்போது உங்கள் பள்ளம் மிக ஆழமாக இருப்பது 129ஆம் நாளில் அல்ல. ஐந்தாம் வேலையின் முன்பணம் வருவதற்கு முந்தைய நாளான 119ஆம் நாளில். அன்று வெளியே போயிருப்பது ஏறத்தாழ 27.5 லட்சம், முன்பணமாக வந்திருப்பது 12 லட்சம். ஆக 15.5 லட்சம். 28 லட்சத்துக்கு மேல் தேவைப்பட்ட இடத்தில் இதுதான் இனித் தேவை. தவணையை 90 நாளிலிருந்து 60 ஆக்க முடிந்தால், அது 11.5 லட்சத்துக்கு இறங்கும். உச்சம் 89ஆம் நாளுக்கு நகரும். வங்கிக்குப் போகும்போது இந்தத் தாளையே எடுத்துச் செல்லுங்கள். இயந்திரத்துக்கும் சேர்த்து ஒரே வரம்பாகத் தருகிறோம் என்று அவர்கள் சொன்னால், இரண்டையும் தனித்தனிக் கணக்காகக் கேட்டு வாங்குங்கள்.